ஒப்பீட்டுக் குடும்பம்

சுகுணா எட்டு வருடங்களாகத் தையல்காரியாகவே இருந்ததற்குக் காரணம் அவள் தலையெழுத்து அல்ல. நான் வேலை பார்த்த அலுவலகம்.

திருப்பூரில் காங்கேயம் ரோட்டில், கண்ணாடி முகப்பு வைத்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அது இருந்தது. பெயர், இல்லற வளர்ச்சி ஆய்வகம். பெயரை நம்பி இரண்டு பேர் ஜாதகத்தோடு வந்து, பையனுக்குப் பெண் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது வேறு வேலை. ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். அதற்கு வெளிநாட்டு நிதியும், ஏசி அறையும், ஆறு ஆராய்ச்சியாளர்களும், பத்து வருட அவகாசமும் தேவைப்பட்டன. வீதியில் போகிற ஏழை ஒருத்தியை நிறுத்திக் கேட்டிருந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம் முனைவர் பட்டம் இல்லை.

என் பெயர் வாசுகி. எம்.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு அங்கே களப்பணியாளராகச் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை நாற்பது வீடுகளுக்குப் போய், டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கடந்த முப்பது நாட்களில் உங்கள் வீட்டில் யாராவது ஒரு வேளை உணவைத் தவிர்த்தார்களா?" என்று சிரித்த முகத்துடன் கேட்க வேண்டும். சிரித்த முகம் பயிற்சிக் கையேட்டிலேயே இருந்தது, ஏழாம் பக்கத்தில்.

ஆய்வு இதுதான். பத்தாயிரம் குடும்பங்களை ஐயாயிரம் ஜோடிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு ஜோடியில் இருக்கும் இரண்டு குடும்பங்களும் ஒரே மாதிரி: அதே வயது, அதே படிப்பு, அதே வேலை, அதே அளவு வீடு. ஒரு குடும்பத்துக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் கொடுப்பார்கள். மற்றதற்கு ஒன்றும் கிடையாது. பத்து வருடம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணம் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடுமாம். பணம் வாங்காத குடும்பத்துக்கு ஒப்பீட்டுக் குடும்பம் என்று பெயர். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று தீபாவளிக்குத் தீபாவளி ஓர் எவர்சில்வர் டப்பா தருவோம். யாருக்கு யார் ஜோடி என்று குடும்பங்களுக்குத் தெரியாது.

சுகுணாவினுடையது ஒப்பீட்டுக் குடும்பம். அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போனால் அதிகம். மகள் மித்ரா பன்னிரண்டாம் வகுப்பு. சுகுணா பவர் டேபிளில் பத்து மணி நேரம் தைத்துவிட்டு வந்தால் முழங்காலுக்குக் கீழே கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும்.

அந்தக் காலத்தில் எந்த பனியன் கம்பெனியும் கேட்டில் ஆள் எடுப்பதில்லை. எல்லாம் 'வேலைவழி' என்ற செயலியில்தான். காலை ஏழு மணிக்கு போனில் வரும்: இன்றைக்கு எந்தக் கம்பெனி, பீஸுக்கு எவ்வளவு. பச்சைப் பொத்தானை அமுக்கினால் வேலை. சிவப்புப் பொத்தானை அமுக்கி வேண்டாம் என்று சொன்னால், சரியென்று சொன்னவர்களைவிடத் தரவரிசையில் கீழே போய்விடுவோம். கீழே போனவர்களுக்கு அடுத்த வாரம் பொத்தானே வராது.

ஒரு வியாழக்கிழமை அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பதினேழாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பு மேடையில் இருந்த போன் மணியடித்தது. சுகுணா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

"சூப்பர்வைசருங்க மேடம்! செக்கிங் சூப்பர்வைசர்! உக்காந்து பாக்கற வேலைங்க!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திரை வெறுமையாக இருந்தது.

"போயிருச்சு." அவள் போனைத் தட்டினாள், உதறினாள். "பாத்தீங்களா? பதினோராவது தடவைங்க. சாயங்காலத்துல போயி செக்கிங் கோர்ஸ் படிச்சுப் பாஸ் பண்ணி வெச்சிருக்கறேன். வருது, தொடறதுக்குள்ள போயிருது. போன் மக்கர் பண்ணுதுன்னு தவணையில புதுசு வாங்கினேன். அதுலயும் இப்பிடித்தானுங்க."

"மறுபடி வரும்க்கா" என்றேன். பதினெட்டாவது கேள்விக்குப் போனேன். அதில், எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறீர்கள் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டும்.

மாலையில் அலுவலகத்துக்கு வந்து அவள் பதில்களை ஏற்றினேன். யாரோ மேலதிகாரி கணினியிலிருந்து வெளியேறாமல் போயிருந்தார். அதனால் எனக்கு வழக்கமாகத் தெரியாத ஒரு பக்கம் திறந்தது. சுகுணாவின் பெயருக்குப் பக்கத்தில் அவள் ஜோடியின் பெயரும் முகவரியும்; சுகுணாவின் பெயருக்குக் கீழே, அன்றைய தேதியில் இப்படி இருந்தது: 'திருத்தம் 11. மேற்பார்வையாளர் வாய்ப்பு. ஜோடிச் சமநிலை கருதி விலக்கப்பட்டது.' அதற்கு மேலே பத்துத் திருத்தங்கள். நான் இரண்டு முறை படித்தேன். பிறகு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவள் போலப் பக்கத்தை மூடினேன்.

மறுநாள் டாக்டர் நிரஞ்சன் அறைக்குப் போனேன். ஆய்வகத்தின் தலைவர். வறுமையைப் பற்றிப் பேச வருடத்தில் ஐந்து மாதம் விமானத்தில் இருப்பவர். மனிதர் கெட்டவரில்லை. டிரைவருக்குப் பொங்கல் போனஸ் கொடுப்பார்.

"அது தராசு பண்ணினது" என்றார் சாதாரணமாக. தராசு என்பது எங்கள் ஆய்வை நடத்தும் மென்பொருள். அதற்கு வேலைவழியின் உள்ளே நுழைய அனுமதி இருந்தது எனக்குத் தெரியும். பார்ப்பதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"வாசுகி, மருந்து சோதனையில பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பாங்க இல்லையா? அவங்க வெளியில போய் வேற மருந்து சாப்பிட்டுட்டா சோதனை என்ன ஆகும்? ரெண்டு குடும்பமும் பணத்தைத் தவிர மத்த எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு மட்டும் நகர்ந்தா தராசு சரி பண்ணிடும். அந்தம்மாவுக்கு அதிர்ஷ்டத்துல ஒரு ப்ரமோஷன் கிடைச்சா ஆய்வு கெட்டுடும்."

"அதிர்ஷ்டம் இல்ல சார். படிச்சுப் பாஸ் பண்ணியிருக்காங்க."

"அது இன்னும் மோசம். முயற்சின்னு ஒரு காரணி உள்ள வந்துடும். அதை அளக்க நம்மகிட்ட கருவி இல்லை."

என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவர் தொடர்ந்தார்.

"நாம அவங்ககிட்டருந்து எதையும் எடுக்கலையே. இருந்த நிலைமையில பராமரிக்கறோம். அவ்வளவுதான். ஒப்புதல் படிவத்துல பதினெட்டாம் பக்கத்துல இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்னும் ரெண்டே வருஷம்."

"ரெண்டு வருஷத்துல அவங்க பொண்ணு கைமடிக்குப் போயிடுவா சார்." தையல்காரிக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை அது. அதில் சேர்ந்த பிள்ளைகள் திரும்பப் படிக்கப் போனதை நான் பார்த்ததில்லை.

டாக்டர் நிரஞ்சன் பேனாவை எடுத்தார்.

"போவாளா? எப்போன்னு தெரியுமா? அது நமக்கு ரொம்ப முக்கியமான தரவு."

இதைக் கேட்டவுடன் ராஜினாமாக் கடிதத்தை அவர் முகத்தில் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வாரம் எதுவும் செய்யவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்துக்கு ஆராய்ச்சி நெறிமுறை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மித்ராவைக் கைமடிக்குச் சேர்க்க ஆதார் அட்டையின் நகல் எடுத்து வைத்திருப்பதாகச் சுகுணா சொன்னாள். டேப்லெட்டை அணைத்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எம்பட போன் நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"எட்டு வருசமா நான் எந்தச் சாமிக்கு என்ன கொறை வெச்சேன்னு கோயில் கோயிலாப் போயிட்டு இருந்தேன். நீங்க மாசாமாசம் வந்து, சாப்பிட்டயா, பட்டினி கெடந்தயான்னு கேட்டுட்டுப் போறீங்க." மேடம் என்ற சொல் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. "அந்த இன்னொருத்தி யாரு? என்னைய அமுக்கி வெச்சு, காசு வாங்கித் தின்னுட்டு இருக்கறாளே, அவ யாரு?"

சொல்வது குற்றம். சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் வீரபாண்டிக்குப் பேருந்தில் போனோம். என்ன பேச வேண்டும் என்று சுகுணா வழியெல்லாம் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்தவள் பிரமிளா. தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். சுகுணாவின் பார்வை நேராக அவள் காலுக்குத்தான் போனது. அதே வீக்கம். ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் பிரமிளா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான வந்து வந்து போகுது! ஒன்பது தடவ! எவளோ செய்வினை வச்சுட்டான்னு மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கேன், பாரு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால், சுகுணா ஏறக் கூடாது. பிரமிளாவும் ஏறக் கூடாது. பணம் கொடுத்து ஒருத்தியையும், கொடுக்காமல் ஒருத்தியையும் ஒரே படியில் நிறுத்தி வைத்திருந்தோம். எட்டு வருடமாக யாரும் முன்னேறவில்லையே, ஏன் என்று மூன்றாவது மாடியில் உட்கார்ந்து வியந்துகொண்டிருந்தோம்.

"மாசம் ஆறாயிரம் வருதில்ல?" என்றாள் சுகுணா. குரலில் இன்னும் கொஞ்சம் காரம் இருந்தது.

"வந்துச்சு. வீட்டுக்காரருக்கு எப்படித்தான் மூக்குல வேர்த்துச்சோ, மறுமாசமே வாடகைய ஏத்திட்டாரு. பள்ளிக்கூட வேன்காரன் ஏத்திட்டான். உங்களுக்கு என்ன குடுக்காக?"

"எவர்சில்வர் டப்பா."

"டப்பாவா? எங்களுக்கு ஒரு டப்பாகூடக் குடுக்கலையே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு கிடையாது.

டீ குடித்துக்கொண்டே பேசியபோது இன்னொன்று தெரிந்தது. சுகுணா செக்கிங் கோர்ஸில் சேர்ந்த மறுவாரமே பிரமிளாவின் போனுக்கு, அதே கோர்ஸில் இலவசமாகச் சேரலாம் என்று அழைப்பு வந்திருக்கிறது. அவளும் படித்துப் பாஸ் செய்திருக்கிறாள். சுகுணா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த மெஷினுக்கு நாம மேல போறதுல கோவமில்ல. ஒருத்தி மட்டும் போறதுலதான் கோவம். சட்டையில ஒரு கை நீளமா இருந்தா வெட்டிப் போடறோம். ரெண்டு கையும் சேந்து நீண்டுச்சுன்னா? அது முழுக்கைச் சட்டை. பீஸ் பாஸ்!"

அந்த வாரத்திலிருந்து இருவரும் மதிய இடைவேளையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி, வேலைவழியில் வேறு வேறு கம்பெனிகளின் சூப்பர்வைசர் வேலைக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டார்கள். முதல் இரண்டு வாரம் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை இரண்டு போனிலும் சூப்பர்வைசர் வேலை வந்தது. அப்படியே நின்றது. சுகுணா தொட்டாள், பிரமிளா தொட்டாள். எட்டு வருடம் ஆட்டிவைத்த தராசு வாய் திறக்கவில்லை.

மித்ராவின் ஆதார் நகல் பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் ஒட்டப்பட்டது.

"என்ர நாப்பது வீட்டுக்காரங்களுக்கும் ஜோடி யாருன்னு கண்டுபுடிச்சுக் குடு கண்ணு" என்றாள் சுகுணா. நான் போகிற நாற்பது வீடுகளும் அதற்குள் அவளுடையவை ஆகிவிட்டன; நானும் கண்ணு ஆகிவிட்டேன். பட்டியலை எடுத்தால் மாட்டிக்கொள்வேன் என்று தயங்கினேன். பிரமிளாதான் முடிச்சை அவிழ்த்தாள்.

"பட்டியலு எதுக்கு? யாரு யாருக்கு ஜோடியா இருந்தா என்ன? எல்லாருமே ஒரே நேரத்துல அமுக்கிட்டா எல்லா ஜோடியும் அதுக்குள்ள வந்துருமில்ல?"

டாக்டர் பட்டம் வாங்கிய ஆறு பேர் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாட்டை, எட்டாவது வரை படித்தவள் டீ ஆறுவதற்குள் உடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் கேள்வித்தாளில் நாற்பத்தொன்றாவதாக ஒன்று சேர்ந்தது. நாற்பது கேள்விகளையும் கேட்டு முடித்துவிட்டு, "புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு விண்ணப்பம் போடுங்க, எல்லாரும் போடறாங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். மற்றக் களப்பணியாளர்களும் சொன்னார்கள். எங்களுக்கு ஆய்வகம் கொடுத்த சம்பளத்துக்கு அவ்வளவு விசுவாசம்தான் கிடைக்கும். ஆறு மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒரு படியாவது ஏறியிருந்தன. கைமடிக்காரி தையல்காரி ஆனாள். தையல்காரி செக்கிங்குக்குப் போனாள். தராசு ஒருவரையும் தொடவில்லை.

டாக்டர் நிரஞ்சன் வரைபடத்தைப் பார்த்தார். பணம் வாங்கிய குடும்பங்களின் கோடும் வாங்காத குடும்பங்களின் கோடும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மேலே போயின. மனிதர் இரண்டு நாள் தூங்காமல் கட்டுரை எழுதினார். பெரிய ஓட்டலில் வெளியீட்டு விழா. முடிவு இதுதான்: பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏழைகள் ஒரே வேகத்தில் முன்னேறுகிறார்கள். ஆகவே பணம் கொடுப்பது வீண். கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. ஏழைகளுக்குப் பணம் தேவையில்லை என்ற செய்தியை மதிய விருந்துக்கு முன் கேட்டால் யாருக்குத்தான் பசிக்காது?

ஆறாயிரம் அந்த மாதமே நின்றது. செலவு இல்லாமல் போனதால் ஆய்வை இன்னும் பத்து வருடம் நீட்டித்தார்கள். கம்பெனிக்காரர்களும் கட்டுரையைப் படித்தார்கள் போலிருக்கிறது. திறமையான ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று ஒரு திங்கட்கிழமை காலை எல்லா வேலைக்கும் கூலியைக் கால்வாசி குறைத்து போனுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"நம்மளக் கட்டி வெச்சதும் அவங்கதான். நாமளா அவுத்துட்டு ஓடுனா, கயிறே தேவையில்லைன்னு எழுதறதும் அவங்கதான்" என்றாள் பிரமிளா. பன்னைப் பிய்த்தாள், வாயில் வைக்கவில்லை.

சுகுணா என்னிடம் திரும்பினாள். "வேலை வேண்டாம்னு ஒருத்தி சொன்னா, சொல்லாதவளவிடக் கீழ போவா. சரிதான? அப்ப எல்லாரும் சொல்லிப்போட்டா?"

"யாரையும்விட யாரும் கீழ போக முடியாதுக்கா."

"சிவப்புப் பொத்தான் எங்க இருக்குதுன்னு எல்லா வீட்லயும் காட்டிட்டு வந்துரு."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் பத்தாயிரம் குடும்பங்களும் சிவப்பை அமுக்கின. அவர்களுடைய பக்கத்து வீடுகளும் அமுக்கின. ஒன்பதரைக்கு டாக்டர் நிரஞ்சனின் அறையில் போன் ஓயாமல் அடித்தது. வேலைவழிக்குள் கைவைக்கக்கூடிய தராசு அவரிடம் இருப்பது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். கம்பெனிகளில் டேபிள் காலி, செக்கிங் காலி. ஏற்றுமதிக்குக் கப்பல் நிற்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தராசு என்ன சொல்லுது? ஏன் சரி பண்ணலை? சத்தமாப் படிங்க."

படித்தேன். "ஜோடிகளுக்கிடையே வேறுபாடு இல்லை. தலையீடு தேவையில்லை."

"ஊரே வேலைக்குப் போகலை! அது வேறுபாடு இல்லையா?"

"எல்லாருமே போகலை சார். யாருக்கும் யாருக்கும் வேறுபாடு?"

அவர் திரையை வெறித்துப் பார்த்தார். அவரே கட்டிய தராசு. அதில் இரண்டு தட்டுகள்தான் உண்டு. கூலி கொடுக்கிறவரை எந்தத் தட்டிலும் அவர் வைத்திருக்கவில்லை.

நான்கு நாள் அப்படியே போனது. ஐந்தாவது நாள் காலை ஏழு மணிக்கு, பழைய கூலிக்கு மேலே கொஞ்சம் சேர்த்து போன்களுக்கு வேலை வந்தது. பச்சையை அமுக்கினார்கள். பிரமிளாவுக்கு ஆறாயிரம் திரும்பவில்லை. அதில் பாதியாவது கூலியாக வந்தது. பெரிய வெற்றி என்று யாரும் வெடி வெடிக்கவில்லை. தைக்கப் போனார்கள்.

மாதக் கடைசியில் ஆய்வகத்தின் அறிக்கை வந்தது. அந்த நான்கு நாட்களுக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்கே ஆவலாக இருந்தது. படித்துவிட்டு நேராக அனுப்பர்பாளையம் போனேன். சுகுணா வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்களப் பத்தி என்ன கண்ணு எழுதியிருக்கறாங்க?"

"தொற்றுக் காய்ச்சல்னு எழுதியிருக்காங்கக்கா. 'பிராந்தியம் முழுவதும் பரவிய காய்ச்சலால் நான்கு நாள் தரவு கிடைக்கவில்லை.'"

சுகுணா வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அந்தக் காய்ச்சல் மறுபடி வருமான்னு கேட்டாங்கன்னா, வரும்னு சொல்லிப்போடு" என்றாள்.